சாவா மூவா ஆண்டு

பாண்டிநாட்டில் ராசா யார் என்று யாருக்கும் தெரியாத ஒரு வருஷம் இருந்தது. பெரிய ராசா தை பிறப்பதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார் என்று சிலரும், மூடவில்லை, மூடினது மாதிரி படுத்திருக்கிறார் என்று சிலரும் சொன்னார்கள். அண்ணன்காரன் வடக்கே ஒரு கோட்டையில் முடிசூட்டிக்கொண்டான், தம்பிக்காரன் தெற்கே ஒரு கோட்டையில் முடிசூட்டிக்கொண்டான். இரண்டு முடிக்கும் நடுவில், கண்மாய்க்கரையில் இருந்த கூவிளமங்கலம் என்ற ஊர் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில்தான் காடன் மகள் சேந்தி நிறைமாதமாக இருந்தாள்.

காடன் கோயில் ஆடு மேய்க்கிறவர். சிவன் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும், விளக்குக்கு நெய் வேண்டும், நெய்க்கு ஆடு வேண்டும் என்று ஊர்வழியே வந்துபோன வணிகர் ஒருவர் தொண்ணூறு ஆடு விட்டுப்போயிருந்தார். தினமும் பொழுது சாயும்போது காடன் பட்டி வாசலில் நின்று ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணுவார். தொண்ணூறு வந்ததும் "குறையல" என்பார். அதே கையோடு வீட்டுக்குள் வந்து மகள் தலையில் ஒரு தட்டு, மருமகன் தலையில் ஒரு தட்டு, தன் தலையில் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, குறையல" என்று சொல்லிவிட்டுத்தான் கஞ்சிக்கு உட்காருவார். சேந்தியின் அம்மா இறந்த வருஷம் நாலு மூன்றானதிலிருந்து வந்த பழக்கம் அது.

ஆடு விட்ட தர்மத்தைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டும் என்று ஊர்ச்சபை கல்தச்சன் ஆயிரவனைக் கூப்பிட்டது. கல்லில் எதை வெட்டினாலும் முதலில் ராசா பேரும், அவருக்கு அது எத்தனையாவது ஆண்டு என்பதும் வர வேண்டும், அதுதான் முறை. அண்ணன் பேரை வெட்டித் தம்பி ஜெயித்தால் ஊருக்குத் தீ வைப்பான். தம்பி பேரை வெட்டி அண்ணன் ஜெயித்தால் அவனும் அதையே செய்வான். ஊர்க்கணக்கர் உய்யவந்தான் நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "மேல நாலு வரிக்கு எடம் விட்டுட்டுக் கீழ இருந்து ஆரம்பிப்பா. ராசா யாருன்னு தெரிஞ்சதும் நெரப்பிக்கலாம்" என்றார். ஆயிரவன் அப்படியே செய்தான். கல்லின் நெற்றி வெறுமையாக இருந்தது, அதற்குக் கீழே முதல் வரியாக 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு' என்று இருந்தது. கோயில் ஆடு என்றால் எல்லா ஊர்க் கல்லிலும் அப்படித்தான் வெட்டுவார்கள், சாகாத, மூப்படையாத பெரிய ஆடுகள் என்று. அதை ஒரு வழக்குச்சொல்லாகத்தான் எல்லோரும் வாசித்தார்கள். ஆனால் ராசா இல்லாமல், ஆண்டு இல்லாமல், அந்தச் சொல்லை மட்டும் சுமந்துகொண்டு ஒரு கல் நின்றது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து கூவிளமங்கலத்தில் யாரும் சாகவில்லை, யாரும் மூப்படையவில்லை, யாரும் பிறக்கவுமில்லை.

முதலில் தெரிந்துகொண்டது காடன் வீடுதான். கல் நட்ட அன்று காலையில் அவர் நெஞ்சுச்சளி முற்றி, கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உறவு முழுக்கக் கூடிவிட்டது. ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றினார்கள், சேந்தியும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து ஊற்றினாள். இழுத்த மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. எல்லோரும் அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உச்சிப்பொழுது ஆனது, தூரத்து உறவுக்குப் பசித்தது, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் காடன் எழுந்து உட்கார்ந்து, "தாயி, பால் போதும். கஞ்சி இருந்தா ஊத்து" என்றார். அந்தக் கடைசி மூச்சு அவர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துப் பேசினார், பேசப் பேச அது தீராமலும் இருந்தது.

கணக்கர் உய்யவந்தான் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். பிறந்தால் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்ல வேண்டும், செத்தால் எந்த ஆண்டில் செத்தது என்று சொல்ல வேண்டும், இப்போது நடப்பதற்குத்தான் ஆண்டே இல்லையே, எங்கிருந்து வருவது, எங்கே போவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாக எல்லோரும் ஒத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நெல் மட்டும் தன்பாட்டுக்கு விளைந்தது. அது மழையைப் பார்த்து விளைகிறதே தவிர ராசாவைப் பார்த்து இல்லை.

ஊர் எதற்குத்தான் பழகாது. நாவிதருக்கு வேலை போனது, ஒருவர் தலையிலும் மயிர் வளரவில்லை. அவர் வெற்றிலைக்கொடி போட்டார், அதில் கை வந்துவிட்டது. சாவுக்குப் பறை அடிப்பவர் சேவல்சண்டைக்கு அடிக்கப் போனார், சேவலும் சாகாததால் ஒரே சண்டை சித்திரையில் தொடங்கி ஆனி வரைக்கும் நடந்தது. பால்பல் ஆடின பிள்ளைகளுக்கு அது ஆடிக்கொண்டே இருந்தது. மாமியார் செத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நகையை விட்டுவைத்திருந்த மருமகள்கள் கொஞ்சம் மரியாதையாக நடக்கத் தொடங்கினார்கள். வைகாசியில் கல்மழை பெய்தது, ஆடியில் பகலில் வால்வெள்ளி தெரிந்தது, ஆவணியில் இரண்டு படையில் எதுவோ ஒன்றிலிருந்து தப்பின யானை கண்மாயில் இறங்கி மூன்று நாள் குளித்துவிட்டுப் போனது. ஆனால் இதையெல்லாம் பிற்பாடு எந்த ஆண்டு என்று சொல்வது எனத் தெரியாததால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சிரமப்படவில்லை.

புரட்டாசியில் சேதி வெளியே கசிந்தது. இரண்டு பக்கத்துப் படையிலும் அடிபட்டவர்கள், அங்கே போனால் சாவு இல்லையாம் என்று கேள்விப்பட்டு, நெஞ்சில் அம்போடும் விலாவில் வேலோடும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். யார் அண்ணன் ஆள், யார் தம்பி ஆள் என்று ஊர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் பந்தல் போட்டு எல்லோருக்கும் ஒரே அண்டாவில் கூழ் ஊற்றினார்கள். குடித்த கூழ் சிலருக்குப் புண் வழியாகக் கசிந்தது, அவர்கள் கூச்சத்தோடு வேட்டியால் மூடிக்கொண்டார்கள்.

சேந்தியின் பாடுதான் பெரும்பாடாக இருந்தது. பத்து மாதம் நிறைந்து, அதற்குமேல் பத்து மாதம் ஆகி, அதற்குமேலும் போய்க்கொண்டிருந்தது. ஊரில் அவளையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் அப்படி இருந்தார்கள். யானைக்குத்தான் இருபத்திரண்டு மாதம் என்று கேள்வி, நம் ஊரில் பதின்மூன்று யானை இருக்கிறது என்று சிரித்தார்கள். அவள் புருஷன் பேர் பெற்றான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. "பேருதான் பெற்றான், பெத்தபாடக் காணோமே" என்று கண்மாய்த்துறையில் கேட்காத ஆள் இல்லை. அவன் நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு துவைப்பான்.

வயிற்றுக்குள் பிள்ளை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கதவைத் தட்டுகிற மாதிரி தட்டும். யாரும் திறக்காததால் சும்மா இருந்துவிடும். அந்தத் தட்டல்தான் சேந்தியைக் கொன்றது, அதாவது கொல்லாமல் கொன்றது. இன்னொரு பக்கம் பட்டியில் ஒரு பெண்ணாடு நின்றது. கல் நட்ட அன்று ஈன்றுகொண்டிருந்த ஆடு. குட்டியின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்தன, மற்றது வரவில்லை. ஒரு வருஷமாக அது அந்த இரண்டு குளம்புகளைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்வந்தது. காடன் அதற்கு மட்டும் கையால் தழை ஊட்டினார். சேந்தி அதன் பக்கம் பார்க்காமல் பால் கறந்தாள்.

மறுபடி தை வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை இருந்த வீடுகள், ஏதாவது ஒரு ராசா பேரை வெட்டித் தொலையுங்கள், தீ வைத்தால் வைக்கட்டும் என்றன. படுக்கையில் ஆள் இருந்த வீடுகள், வெட்டினால் பிறப்பு மட்டுமா வரும், நிறுத்திவைத்த சாவெல்லாம் சேர்ந்து வருமே என்றன. சபை கூடும், கத்தும், கலையும். இரண்டு கட்சிக்காரர்களும் கடைசியில் சேந்தியைத் தேடித்தான் வந்தார்கள், ஊரிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் வயிறும் இருந்தது, படுக்கையும் இருந்தது. சேந்தி என்ன சொல்கிறாளோ அது என்று சபையும் கையைக் கழுவிக்கொண்டது.

சேந்தி வெட்ட வேண்டாம் என்றாள். கேட்டவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. அவளுக்கு அதில் யோசிக்க எதுவுமே இல்லை. பிள்ளையை அவள் இன்னும் பார்க்கவில்லை, அய்யாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை சாகப்போவதில்லை, காத்திருக்கட்டும், அய்யாவும் இருக்கட்டும், நான் சுமக்கிறேன் என்றாள்.

காடன் இதைக் கேட்டுவிட்டு அவளைப் பட்டிக்குக் கூப்பிட்டார். ஈனாமல் நின்ற அந்த ஆட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தொண்டையில் நின்ற மூச்சு துருத்திபோல இரைந்தது.

"எனக்காகவா வேணாங்குற?"

"வேற யாருக்காக?"

"நான் வாசல் வரைக்கும் போயாச்சு தாயி. ஒரு வருஷமா நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். காலு வலிக்குது. படுத்தா தூக்கம் வரல, எந்திரிச்சா தெம்பு வரல. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"நீங்க இல்லாம எனக்கு யாரு இருக்கா அய்யா?"

காடன் ஆட்டின் முதுகைத் தடவினார். "சாவா மூவான்னு அந்தக் கல்லுல வெட்டியிருக்குல்ல. அதுக்கு என்ன அர்த்தம்னு இந்த ஊருல ஒருத்தனாவது எங்கிட்டக் கேட்டானா? ஆடு மேய்க்கிறவன் நான். ஆடு சாகும். வருஷத்துக்குப் பத்து சாகும், நரி தூக்கிட்டுப் போகும், கழிச்சல்ல போகும். ஒண்ணு போனா அந்த எடத்துல குட்டி ஒண்ணு வந்து நிக்கும். தொண்ணூறு தொண்ணூறாவே இருக்கும். அதுதான் சாவா மூவா. படிச்சவங்க எல்லாம் சேந்து எழுத்தைப் படிச்சாங்க, ஆட்டைப் படிக்கல." இவ்வளவு நீளமாக அவர் ஒரு வருஷமாகப் பேசியதில்லை. "இது எறங்கணும்னா ஒண்ணு போகணும் தாயி. பட்டியில எடம் இல்ல."

சேந்தி அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், பெரிய பெண் என்று பார்க்காமல், அப்பா மடியில் விழுந்து அழுதாள். அழுது முடித்துத் தலையைத் தூக்கினபோது ஆட்டின் பின்னால் தொங்கிய அந்த இரண்டு குளம்புகளை ஒரு வருஷத்தில் முதல்தடவையாக நேராகப் பார்த்தாள். அவை சின்னதாக, ஈரமாக, புதுசாக இருந்தன.

மறுநாள் காலையில் அவள் சபைக்குப் போனாள். வெட்டச் சொல்கிறேன், ஆனால் அண்ணன் பேரும் வேண்டாம், தம்பி பேரும் வேண்டாம் என்றாள். பாண்டிநாட்டில் ஆண்டு எழுதுகிற முறை ஒன்று உண்டு. ராசாவுக்கு இரண்டாம் ஆண்டு என்று ஒன்றைச் சொல்லி, அதற்கு எதிர் இத்தனையாவது ஆண்டு என்று எழுதுவார்கள். முன்னால் போனதற்கு எதிரே நிற்கிற ஆண்டு என்று பொருள். அந்தச் சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

"இப்பிடி வெட்டுங்க: காடன் போனதின் எதிர் சேந்தி பெற்ற ஆண்டு."

உய்யவந்தானின் மீசை துடித்தது. "ஆண்டுங்கிறது ராசாவோடதும்மா. ஆடு மேய்க்கிறவங்களுக்கு ஏது ஆண்டு?"

"ராசா வந்தா மேல எடம் இருக்குல்ல கணக்கரே, அங்க வெட்டிக்கட்டும். எங்க அய்யா ஒரு வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. எந்த ராசா இருந்தாரு?"

படுக்கைக்காரர்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும் என்று எல்லோரும் பார்த்தார்கள். பந்தலிலிருந்து நெஞ்சில் அம்போடு ஒரு வீரன் எழுந்து வந்து, "வெட்டச் சொல்லுங்க. எங்களுக்கும் ஊர்ல அம்மா இருக்கு, காத்துக்கிட்டு இருக்கும், அழுதாவது முடிக்கட்டும்" என்றான். சபை ஆயிரவனுக்கு ஆள் அனுப்பியது.

கோயில் மதிலை ஒட்டித்தான் பட்டி இருந்தது. காடன் தன்னை அங்கேயே கிடத்தச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் வைக்கோல் பரப்பிச் சேந்தியும் படுத்தாள், மருத்துவச்சி கால்மாட்டில் உட்கார்ந்தாள். மதிலுக்கு அந்தப்பக்கம் ஆயிரவன் உளியைத் தீட்டினான். இரண்டுக்கும் நடுவில், மதில்மேல் ஏறி நின்று, வெட்டி முடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கூவிச் சொல்வது பெற்றானின் வேலை.

"கா" என்றான் பெற்றான். காடனின் நெஞ்சில் இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. "ட" என்றான், "ன்" என்றான். உளிச்சத்தம் ஒரே தாளத்தில் கேட்டது, வெயில் ஏறியது. 'போனதின்' முடிகிறவரை சேந்திக்கு ஒன்றும் இல்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். 'எதிர்' முடிந்தபோது இடுப்பில் ஒரு சுரீர் என்றது. அவள் பேரின் முதல் எழுத்தைப் பெற்றான் கூவினபோது வலி வந்துவிட்டது, ஒரு வருஷமாகச் சேர்ந்த வலி, ஆனால் வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. 'பெற்ற' என்று முடிந்ததும் பெற்றான் ஒரு நிமிஷம் நிறுத்தி, "என் பேரும் பாதி வந்திருச்சு" என்றான். அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். காடனும் சிரித்தார்.

"ஆ" என்றான். "ண்" என்றான்.

"நிறுத்து" என்றாள் சேந்தி.

உளி நின்றது. இன்னும் ஒரே எழுத்து. அவள் அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சுருக்கங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, கண் மட்டும் சின்னப்பிள்ளைக் கண்ணாக இருந்தது. அவளால் முடியவில்லை. இப்படியே, இந்த ஒரு எழுத்துக்கு முன்னால், இப்படியே கிடந்துவிடலாமா என்று இருந்தது.

காடன் அவள் தலையில் ஒரு தட்டு தட்டினார். "சாயங்காலம் எண்ணிரு தாயி. மறந்துறாத."

சேந்தி கண்ணை மூடிக்கொண்டு, "வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

பெற்றான் 'டு' என்று கூவினது பாதிதான் கேட்டது. ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்ற மூச்சு நீளமாக வெளியே வந்தது. அது முடிந்த இடத்தில், ஒரு இமைப்பொழுதுகூட இடைவெளி விடாமல், இன்னொரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டு அழுகையாக வெடித்தது. பெண்பிள்ளை, தலை நிறைய மயிர்.

அன்று ஒரே பகலில் கூவிளமங்கலத்தில் பதின்மூன்று பேருக்கும் பிள்ளை பிறந்தது, ஒருத்திக்கு இரட்டை என்பதால் பிள்ளைகள் பதினான்கு. படுக்கையிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். பந்தலில் இருபத்தாறு வீரர்கள் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்கள்; பிழைக்கிற காயம் உள்ளவர்கள் பிழைத்தார்கள். பறை அடிப்பவருக்குக் கை ஓயவில்லை, சாவுக்கும் பிறப்புக்கும் மாற்றி மாற்றி அடித்து, ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே அடியாக அடித்தார். பிள்ளைகளின் பற்கள் தெருவெல்லாம் உதிர்ந்தன. நாவிதர் வெற்றிலைக்கொடியை விட்டுவிட்டுக் கத்தியைத் தேடினார்.

மாசி முடிகிறபோது குதிரையில் ஒரு அதிகாரி வந்தார். தம்பி ஜெயித்துவிட்டானாம். எல்லாக் கல்லிலும் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தவர், இந்தக் கல்லைப் படித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "யாருய்யா இந்தக் காடன்? எந்த வம்சம்?"

உய்யவந்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எங்க ஊர் ராசாங்க. ஒரே ஒரு வருஷம்தான் ஆண்டாரு. அவர் ஆட்சியில ஒரு உசிரு சாகலிங்க."

அடிபட்ட வீரர்கள் தேடிப்போன ஊர் இதுதான் என்று அதிகாரிக்குப் புரிந்தது. இங்கே வந்து இறந்தவர்களில் மார்பில் அம்போடு ஒரு ஆள், இடதுகாதில் மச்சம் உள்ளவன், இருந்தானா என்று கேட்டார். இருந்தான் என்றார்கள், முறையாக எரித்தோம் என்றார்கள். அதிகாரி மேலே இருந்த வெற்றிடத்தில் ராசா பேரை இரண்டு வரியில் வெட்டச் சொன்னார். கீழே இருந்த வரியைக் கை வைக்காமல் விட்டுவிடச் சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

ஆனால் அது பிற்பாடு. அன்று, எரியூட்டிவிட்டு ஆண்கள் குளித்துத் திரும்பின சாயங்காலத்தில், சேந்தி யார் தடுத்தும் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டி வாசலுக்கு வந்தாள். ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணினாள். மதியத்தில் ஒரு கிழட்டு ஆடு செத்திருந்தது. எண்பத்தொன்பதாவதாக அந்தப் பெண்ணாடு போனது, அதன் பின்னால் ஒன்றும் தொங்கவில்லை; அதற்குப் பின்னால் தள்ளாடித் தள்ளாடி நான்கு கால்களில் ஒன்று போனது. தொண்ணூறு.

வீட்டுக்குள் வந்தாள். பெற்றான் தலையில் ஒரு தட்டு தட்டினாள். தன் தலையில் தட்டிக்கொண்டாள், அப்போது அவளுக்கு அழுகை வந்தது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. துணிப்பொதியைக் குனிந்து பார்த்து, தட்டாமல், விரலால் சும்மா தொட்டாள்.

"மூணு" என்றாள். "குறையல."